செத்தவர் பெயரை மறக்காத கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்காண்டிநேவியத் தொடர்கொலைக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுவீடன், டென்மார்க், நார்வேயிலிருந்து வரும் நாவல்களும் ஓடிடி தொடர்களும் ரத்தத்தை ரசிக்கப் பழக்குகின்றன, பனியையும் இருட்டையும் பார்த்து மயங்கி நம் ஆட்களும் அதில் விழுகிறார்கள் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. அவர் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவள். கொலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கேஸ் கட்டுதான். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று, ரசாயனப் பரிசோதனை அறிக்கை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து நாடா போட்டுக் கட்டியது. சாட்சி கூண்டில் ஏறியதும் வழக்குச் சொத்தைப் பிரித்து, எண் போட்டு, அவர் கண்ணில் படும்படி காட்டுவோம். அரக்கு முத்திரை உடைத்த துணிப் பொட்டலத்திலிருந்து வரும் அந்த வாடை அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். எம்.ஓ. ஒன்று, அதாவது முதல் சான்றுப் பொருள், அரிவாள். எம்.ஓ. இரண்டு கறை படிந்த சேலை. எம்.ஓ. மூன்று ஒற்றைச் செருப்பு. செத்துப்போன பெண்ணின் பெயர் தீர்ப்பின் முதல் பக்கத்தில் ஒரு தடவை வரும், அப்புறம் கடைசிவரை அவள் ‘இறந்துபோன நபர்’தான். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, சட்டத்தின் வேலை அப்படி. ஆனால் ஓய்வுக்குப் பிறகு இந்த வடக்கு நாட்டுக் கதைகள் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அவற்றில் நல்லவை செத்தவரைக் கடைசிவரை விடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கமாக வைத்துப் பேச வேண்டிய புத்தகம் 1965இல் வந்த ‘ரோசன்னா’. எழுதியவர்கள் மாய் ஷோவால், பெர் வாலோ என்ற சுவீடன் இணையர். இருவரும் பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவர்கள், இடதுசாரிகள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். பத்தையும் சேர்த்து ஒரே குற்றத்தின் கதை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். வாலோ 1975இல் இறந்துபோக, வரிசை அதோடு நின்றது.

யோட்டா கால்வாயில் மோட்டாலா ஊருக்குப் பக்கத்தில் தூர்வாருகிறார்கள். சேற்றோடு ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. உடம்பில் துணி இல்லை, பெயர் தெரியவில்லை, காணவில்லை என்று புகார் கொடுத்தவர் யாரும் இல்லை. மார்ட்டின் பெக் என்ற போலீஸ் அதிகாரி ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறார். வயிறு சரியில்லாத, சளி பிடித்த, வீட்டில் மனைவியோடு பேச்சு குறைந்துபோன மனிதர். வாரங்கள் போகின்றன, மாதங்கள் போகின்றன, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து தகவல் வருகிறது: அவள் லிங்கன் நகரத்தில் நூலக வேலை பார்த்தவள், கால்வாய்ச் சுற்றுலாக் கப்பலில் பயணம் போனவள்.

கப்பலில் வந்த மற்றவர்கள் அதற்குள் பல நாடுகளுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். போலீஸ் அவர்களைத் தேடிப் பிடித்து, பயணத்தில் எடுத்த போட்டோக்களையும் படச்சுருளையும் கேட்டு வாங்குகிறது. யாரோ தன் மனைவியை எடுத்த படம், யாரோ மதகை எடுத்த படம். அப்படிப்பட்ட ஒரு படத்தின் ஓரத்தில் ரோசன்னா உயிரோடு நிற்கிறாள். பக்கத்தில் ஓர் ஆண். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை சேற்றில் கிடைத்த உடலாக இருந்தவள் அந்த இடத்தில் வெயிலில் கண்ணைச் சுருக்கும் ஒரு மனுஷியாக ஆகிவிடுகிறாள். அவள் எப்படிப்பட்டவள், யாரோடு பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்று தெரியாமல் கொன்றவனை நெருங்க முடியாது என்பதுதான் அந்த விசாரணையின் போக்கே. ரத்தத்தை ரசிக்கப் பழக்கும் புத்தகம் இப்படி இருக்காது.

இனி பனியும் இருட்டும். கட்டுரையாளர் அதற்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தார். ரோசன்னாவின் உடல் கிடைப்பது ஜூலை மாதம். தொடர்கொலைக் கதை என்றால் பலரும் சொல்லும் ஹென்னிங் மான்கெலின் 1995 நாவல், ஆங்கிலத்தில் ‘சைட்டிராக்ட்’, நடப்பது 1994இன் கோடைக்காலத்தில். உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருக்கிறது, காவல் நிலையத்திலேயே பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரவு வெகுநேரம் வரை வெளிச்சம் இருக்கும் ஜூன் மாதம். சுவீடனின் தென்கோடியில் யூஸ்டாட் ஊர்ப்பக்கம், கடுகுச் செடி மாதிரி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயலில் ஒரு சிறுமி நிற்கிறாள். இன்ஸ்பெக்டர் குர்ட் வாலண்டர் கண்ணெதிரே தன்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திக்கொள்கிறாள். கோடாலியோடு ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்லும் கதை அப்புறம்தான் வருகிறது. ஆனால் நாவல் முழுக்க வாலண்டரை உலுக்குவது அந்தச் சிறுமிதான். யார் அவள், எந்த நாட்டிலிருந்து வந்தாள், அவ்வளவு பயம் எதைப் பார்த்து? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்போது, வெட்டுப்பட்டுச் செத்த பெரிய மனிதர்களின் வாழ்க்கையும் வெளிச்சத்துக்கு வருகிறது. இருட்டு அங்கே வானிலையில் இல்லை.

சுவீடன் தன்னைப் பற்றி வைத்திருந்த நம்பிக்கையைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். 1928இல் பெர் அல்பின் ஹான்சன் என்ற தலைவர், நாடு என்பது ஒரு நல்ல வீடு மாதிரி இருக்க வேண்டும், அதில் செல்லப்பிள்ளையும் கூடாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கூடாது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். பிறகு பிரதமரானார். படிப்பு, மருத்துவம், ஓய்வூதியம் என்று அந்த வீட்டைக் கட்டியும் காட்டினார்கள். பிரதமரும் மனைவியும் பாதுகாவலர் இல்லாமல் சினிமாவுக்குப் போய்விட்டு நடந்தே வீட்டுக்கு வரக்கூடிய நாடாக இருந்தது. 1986 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு அப்படி நடந்து வந்த பிரதமர் ஒலோஃப் பால்மே, ஸ்டாக்ஹோமின் ஸ்வேயாவேகன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989இல் ஒருவருக்குக் கீழ்க்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது, அதே ஆண்டு மேல்கோர்ட் விடுதலை செய்தது. 2020இல் விசாரணையை மூடிவிட்டார்கள். ஒரு பிரதமரின் கொலை, இன்றுவரை யார் மீதும் குற்றம் நிலைக்கவில்லை. இவ்வளவு நல்ல வீட்டுக்குள் இது எப்படி நடந்தது என்ற கேள்வியோடு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. அந்தக் கேள்விதான் நாவலாகவும் தொடராகவும் வருகிறது என்று நான் நினைக்கிறேன். மான்கெலின் முதல் வாலண்டர் நாவல் 1991இல் வந்தது. ஒரு வயதான விவசாயத் தம்பதி பண்ணை வீட்டில் தாக்கப்படுகிறார்கள். கிழவி சாகும்முன் ‘வெளிநாடு’ என்று ஏதோ முனகுகிறார். அந்த ஒரு சொல் வெளியே கசிந்ததும் அகதிகள் முகாம் பக்கம் தீ வைக்கக் கிளம்புகிறார்கள்.

இப்போது 2007இல் டென்மார்க் தொலைக்காட்சியில் வந்த ‘ஃபோர்பிரிடெல்சன்’. ஆங்கிலத்தில் ‘தி கில்லிங்’ என்று தெரியும். இருபது பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் விசாரணையின் ஒரு நாள். பத்தொன்பது வயது மாணவி ஒருத்தியின் உடல் தண்ணீரிலிருந்து தூக்கிய காரின் டிக்கியில் கிடைக்கிறது. சாரா லுண்ட் என்ற பெண் அதிகாரி போட்டிருந்த ஃபாரோத் தீவுக் கம்பளி ஸ்வெட்டரைப் பற்றி உலகமே பேசியது. எனக்கு ஸ்வெட்டர் நினைவில்லை, சமையலறைதான் நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரித் தொழில் செய்பவர். அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் உடல் கிடைத்த இடத்துக்கு வந்து சேர்கிறார். அம்மாவுக்கு விஷயம் போன் வழியாகவே தெரிந்துவிடுகிறது. யாரும் வந்து பக்குவமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது பகுதியிலும் அந்த வீடு வருகிறது. இன்னும் இரண்டு சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். செத்தவளுக்குச் சவ அடக்கம் பண்ண வேண்டும். லாரி வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அக்கம்பக்கம் பார்க்கும் பார்வையைத் தாங்க வேண்டும்.

சினிமாவில் வழக்கமாகப் பிணம் விழுந்ததும் அம்மா ஒரு தடவை கதறுவார், அடுத்த காட்சியில் போலீஸ் ஜீப் கிளம்பிவிடும். எங்கள் கோர்ட்டிலும் அந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாய்தா தவறாமல் வருவார். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடுவதற்கு அவர் சாட்சியம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனாலும் வருவார். அவர் மகளின் பொருட்களை வேறொரு சாட்சிக்குக் காட்டிக்கொண்டிருந்த நாளில் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். கோர்ட் கலைந்த பிறகு என் மேஜைக்கு வந்து, “அந்தத் தலை க்ளிப்பு மட்டும் நான் எடுத்துக்கலாமாம்மா?” என்று கேட்டார். தீர்ப்பு வர வேண்டும், அப்புறம் மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும், மனு போட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். இந்த அம்மாவுக்கு எந்தக் கதையிலும் இடம் இருப்பதாக எனக்கு அதுவரை தெரியாது. டேனிஷ் மொழியில் பேசும் ஒரு தொடரில் அவரை மறுபடி பார்த்தேன்.

2011இல் வந்த ‘தி பிரிட்ஜ்’ தொடரையும் கட்டுரையாளர் கண்டித்திருந்தார். டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தில், இரண்டு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. தூக்கும்போது இரண்டாகப் பிரிகிறது. இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி. மேல்பாதி சுவீடனில் பதவியில் இருந்தவர், கீழ்பாதி டென்மார்க்கில் பாலியல் தொழில் செய்துவந்த பெண். பார்க்கவே கூசும் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் கதை கேட்கும் கேள்வியைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த இரண்டாவது பெண் காணாமல் போய் வெகுநாளாகியும் அவளைத் தேட யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. பெரிய இடத்துப் பெண்ணோடு சேர்த்துக் கிடத்தப்பட்ட பிறகுதான் அவள் வழக்குக்கும் இரண்டு நாட்டுப் போலீஸ் ஓடி வருகிறது. சந்தேக மரணம் என்று பதிந்து, செயல்முறை முடித்து, அலமாரியில் போட்ட கோப்புகளைக் கையாண்டவளுக்கு இது வெறும் அதிர்ச்சிக் காட்சி இல்லை. பாதிக்கு மேல் கதை கொலைகாரனின் சொந்தப் பகைப் பக்கம் சாய்ந்துவிடுவது எனக்கு ஏமாற்றம்தான். தொடங்கிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே முடித்திருக்கலாம்.

இந்த இடத்தில் கட்டுரையாளர் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் வருவதெல்லாம் நல்லதில்லை. கொலைகாரனை மேதாவியாக்கி, அவன் விட்டுப்போகும் பொம்மையையும் புதிரையும் ரசிக்கவைக்கும் கதைகள் பெருகிவிட்டன. நார்வேயின் ஜோ நெஸ்போவின் ‘பனிமனிதன்’ நாவல் 2007இல் வந்தது. பக்கத்தைப் புரட்டவைக்கும் திறமை அவருக்கு இருக்கிறது, ஹாரி ஹூலே என்ற அந்தக் குடிகாரத் துப்பறிவாளரும் உயிருள்ள பாத்திரம்தான். ஆனால் செத்த பெண்கள் ஒவ்வொருவரும் அடுத்த அத்தியாயத்துக்கு வழிவிட்டு மறைந்துபோகிறார்கள். முடித்த பிறகு எனக்குப் பனிப்பொம்மை நினைவிருந்தது, அவர்கள் பெயர் நினைவில்லை. டென்மார்க்கின் ‘செஸ்நட் மேன்’ அந்த விஷயத்தில் தேவலாம். ‘தி கில்லிங்’ எழுதிய சோரன் ஸ்வைஸ்ட்ரப்தான் இதையும் எழுதினார். கஷ்கொட்டைக் காயில் தீக்குச்சி செருகிய பொம்மை அதிலும் உண்டு. ஆனால் அடி வாங்கிய குழந்தைகளைப் பற்றி வந்த புகாரை அரசு என்ன செய்தது என்ற கேள்வி விடாமல் கூடவே வருகிறது.

அரக்கனைத் தேடும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சுவீடனிலேயே நடந்த ஒரு நிஜக் கதை இருக்கிறது. இதைத் தமிழில் அதிகம் பேர் எழுதவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டூரே பெர்க்வால் என்பவர் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு சேட்டர் ஊர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். தாமஸ் குவிக் என்ற பெயரில் அங்கே ஒவ்வொன்றாகக் கொலைகளை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். முப்பதுக்கும் மேல். மனச்சிகிச்சையில் அமுங்கிக் கிடந்த நினைவுகள் மேலே வருகின்றன என்று நம்பினார்கள். அதே சமயம் அவருக்கு மயக்கம் தரும் மாத்திரைகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டுவந்தன. 1994 முதல் 2001 வரை எட்டுக் கொலைகளுக்குக் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. அவர் சொன்னதை நம்பி நார்வே எல்லைக் காட்டில் ஒரு குளத்தையே இறைத்து, சேற்றைச் சலித்துத் தேடினார்கள். ஒன்பது வயதுச் சிறுமியின் வழக்கில் கருகிய சிறு துண்டு ஒன்று எலும்பு என்று நிபுணர் சாட்சியோடு வைக்கப்பட்டது. பிறகு பரிசோதித்தபோது அது எலும்பே இல்லை, மரத்தூளும் பசையும். ஹானஸ் ரோஸ்டம் என்ற பத்திரிகையாளர் ஸ்தல விசாரணை வீடியோக்களையும் ஆவணங்களையும் முழுதாகப் பார்த்த பிறகு, 2008இல் பெர்க்வால் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார். 2013க்குள் எட்டுத் தீர்ப்புகளும் கழன்றுபோயின. மறு ஆண்டு அவர் வெளியே வந்தார்.

மரத்தூளையும் பசையையும் எலும்பு என்று குறியிட்டு ஒரு கோர்ட் ஏற்றுக்கொண்டது என்பதை நினைத்தாலே என் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்த மேஜையில் உட்கார்ந்து எண் போட்ட ஊழியர் ஒருவர் இருந்திருப்பாரே என்று தோன்றும். நேரில் பார்த்த சாட்சி இல்லை, தடயம் இல்லை, ஒப்புதல் மட்டும் இருந்தது. எல்லாருக்கும் ஓர் அரக்கன் வேண்டியிருந்தது, அவர் தன்னையே கொடுத்தார். நாட்டின் மிகப் பெரிய தொடர்கொலைகாரன் என்று பேர் வாங்கியவர் மேல் கடைசியில் ஒரு கொலைகூட நிற்கவில்லை. செத்த பிள்ளைகளின் வீடுகளில் கிடைத்ததாக நினைத்த பதிலும் பறிபோயிற்று.

நிஜமாகவே தண்டிக்கப்பட்ட ஆளைப் பாருங்கள். நார்வேயின் ஓர்க்டால் முதியோர் இல்லத்தின் மேலாளர் அர்ன்ஃபின் நெசெட். கண்ணாடி போட்ட, அமைதியான நிர்வாகி. அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை முதியோர் இல்லம் ஏன் இவ்வளவு வாங்குகிறது என்ற கேள்வியில்தான் 1981இல் விஷயம் வெடித்தது. 1983இல் 22 கொலைகளுக்குத் தண்டனை, அந்த நாட்டுச் சட்டத்தில் அப்போது இருந்த அதிகபட்சம் 21 ஆண்டு. பொம்மையும் இல்லை, புதிரும் இல்லை. கொள்முதல் கணக்கு இருந்தது. வயதானவர்கள் சாவது இயற்கைதானே என்று எல்லாரும் விட்டுவிட்ட வருஷங்கள் இருந்தன. நல்ல ஸ்காண்டிநேவிய எழுத்தாளர்கள் அந்தக் கொள்முதல் கணக்குப் பக்கம் போகிறவர்கள். மற்றவர்கள் பெர்க்வால் பக்கம் போகிறவர்கள். நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்.

சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்று மட்டும். தீவிர வலதுசாரிகளைக் கண்காணிக்கும் ‘எக்ஸ்போ’ இதழில் உழைத்து, 2004இல் ஐம்பது வயதில் இறந்து, மறு ஆண்டு வெளியான அவருடைய முதல் நாவலுக்கு சுவீடன் மொழியில் பெயர் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. நாவலின் இரண்டாம் பாகம் தொடங்கும் முன் ஒரே ஒரு வரி: சுவீடனில் 46 சதவீதப் பெண்கள் ஓர் ஆணின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். நாவலில் தொடர்கொலை வருவது அதற்குப் பிறகுதான்.

நம் வாசகர்களுக்கு நான் முதலில் கையில் கொடுக்க நினைக்கும் புத்தகத்தில் தொடர்கொலை இல்லை, ஒரே ஒரு கொலைதான். அதில் சாவது நம் நாட்டுப் பெண். நார்வேயின் கரின் ஃபோசும் கவிஞராகத் தொடங்கியவர். 2000இல் வந்த அவருடைய நாவலின் தலைப்பு ‘அன்புள்ள பூனா’ என்ற பொருளில் இருக்கும், ஆங்கிலத்தில் ‘தி இண்டியன் பிரைட்’ என்ற பெயரிலும் கிடைக்கும். குந்தர் யோமன், கிராமத்தில் விவசாய இயந்திரங்கள் விற்பவர். வயது ஐம்பதைத் தொட்ட, கூச்சமுள்ள, தனி ஆள். மும்பைக்கு வருகிறார், ஓட்டலில் பரிமாறும் பூனாவைப் பார்க்கிறார், கல்யாணம் செய்துகொள்கிறார். தான் முன்னால் திரும்பி வந்து வீட்டைத் தயார்பண்ணிக் காத்திருக்கிறார். பூனா வந்து இறங்கும் அன்றைக்குப் பார்த்து அவர் தங்கைக்குக் கார் விபத்து. தங்கையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நகர முடியாமல், மனைவியை அழைத்துவரத் தெரிந்த டாக்ஸிக்காரரை அனுப்புகிறார். விமான நிலையத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடுகிறார்கள். பூனா தானாகவே கிராமம் வரை வந்துவிடுகிறாள். புருஷன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு புல்வெளியில் அடித்துக் கொல்லப்படுகிறாள்.

செத்துப்போன வெளிநாட்டுப் பெண் யாரென்று தெரியவில்லை என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே, இல்லை, அவளாக இருக்காது என்று குந்தர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பக்கங்கள் இருக்கின்றனவே, அதைவிடக் கொடுமையான கொலைக்காட்சியை எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. அங்கே ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் சேயர் வந்து எதிரில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிறார். ஊரைப் பொறுத்தவரை அவள் அன்றைக்கு வந்த அந்நியப் பெண், சந்தேகப்படும் பையனோ ஊர்ப் பிள்ளை. நான் பார்த்தேன் என்று சொன்ன இளம்பெண்ணின் தோழிகூட விலகிவிடுகிறாள். சாட்சி பிறழ்வது எப்படி என்று எங்கள் பக்கம் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கூண்டில் ஏறி, போலீசில் சொன்னதை மறுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போவார்கள். அவர்களை ஊர் எப்படி நெருக்கியிருக்கும் என்பது எங்கள் கேஸ் கட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்காது. ஃபோசும் அந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறார். முடிவில் ஐயம் முழுதாகத் தீரவும் இல்லை. அது சில வாசகர்களுக்குக் கோபம் வரவழைக்கும். எத்தனையோ தீர்ப்பு நாட்களில் எனக்கு இருந்த மனநிலை அதுதான் என்பதால் நான் நம்பினேன்.

சொந்த நாட்டில் இவற்றுக்கு என்ன இடம் என்பது பத்திரிகைக்காரரான உங்களுக்குப் பிடித்த கதையாக இருக்கும். நார்வேயில் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக் குடிலுக்குப் போய்க் குற்றக் கதை படிப்பது ஊர்ப்பழக்கம். அந்த வாரத்துப் பால் பெட்டியில்கூடத் துப்பறியும் படக்கதை அச்சடித்து வரும். 1923இல் இரண்டு இளைஞர்கள் புனைபெயரில் எழுதிய நாவலின் விளம்பரம் பெரிய நாளிதழின் முதல் பக்கத்தில், பெர்கன் ரயிலில் நேற்றிரவு கொள்ளை என்று செய்தித் தலைப்பு மாதிரியே வந்தது. ஜனங்கள் நிஜமென்று பதறிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அந்த நாடுகளில் கொலை அவ்வளவு அதிகமா என்றால் இல்லை. ஒரு கோடி பேர் இருக்கும் சுவீடனில் ஆண்டுக்கு நூறையொட்டித்தான் கொலைகள். இப்போது அங்கே பெரிய கவலை தொடர்கொலைகாரர்களைப் பற்றியதும் இல்லை, துப்பாக்கி கொடுத்து அனுப்பப்படும் விடலைப் பையன்களைப் பற்றியது. அதையும் எழுத ஆள் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

உங்களிடம் என் கோரிக்கை இதுதான். இந்தக் கதைகளை மொத்தமாக ஒரே கூடையில் போட்டுக் கண்டிக்காமல், ஞாயிறு இணைப்பில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச இடம் கொடுங்கள். மார்ட்டின் பெக் நாவல்கள் பத்தையும் நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். போலீஸ் நடைமுறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க, நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவற்றைத் தமிழில் செய்தால், சரிபார்த்துக் கொடுக்க நான் தயார், சம்பளம் வேண்டாம். கட்டுரையாளர் சொன்னபடி, வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும்போது ‘தி பிரிட்ஜ்’ தொடரைக் கூடத்தில் ஓடவிடக் கூடாது. அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெரியவர்கள் ‘ரோசன்னா’விலிருந்து தொடங்கட்டும், அது கையில் கிடைக்காவிட்டால் பூனாவிலிருந்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்.